'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் யார்? ஒலிம்பிக் போகாத கோல் காவலரை ஏன் இன்னும் பேசுகிறோம்?

பொந்தியானில் சாயங்காலம் பந்து உதைக்கிற பசங்ககிட்ட "யாரு கோல் காவலர்?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் நழுவிடுவாங்க. கோல் போட்டால் கைத்தட்டல், கோல் விட்டால் திட்டு. அந்த வேலையைத்தான் ஆர். ஆறுமுகம் மலேசியாவுக்காகப் பல ஆண்டுகள் செய்தார்.

ஏன் ஸ்பைடர்மேன்?

கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலம், உயரம் 2.44 மீட்டர். அதைக் காக்க ஒரே ஆள். ஆறுமுகத்துக்கு நீளமான கைகள். மூலைக்குப் போகிற பந்தையும் பாய்ந்து தடுப்பார். ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. சிலாங்கூருக்கும் தேசியக் குழுவுக்கும் ஆடினார். 1977, 1979 சீ விளையாட்டுப் போட்டிகளில் மலேசியா தங்கம் வென்ற காலம் அவருடையது.

1980-இல் என்ன நடந்தது?

மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று கோலாலம்பூர் மெர்டேகா அரங்கில் நடந்தது. 1980 ஏப்ரல் 6, தீர்மானிக்கும் ஆட்டம். தென்கொரியாவை மலேசியா 2-1 என்று வென்றது. வெற்றி கோல் ஜேம்ஸ் வோங் போட்டது. கோல் காத்தவர் ஆறுமுகம்.

ஆனால் குழு மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. திடலில் ஜெயித்த வாய்ப்பு அரசியலில் போய்விட்டது. அதற்குப் பிறகு நம்ம ஆண்கள் காற்பந்துக் குழு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை.

2016-இல் வந்த 'ஓலா போலா' படம் இந்தக் கதையைத் தழுவியதுதான். பாத்திரங்களின் பெயர்கள் கற்பனை. கோலில் நிற்கும் முத்து என்ற இளைஞரைப் பார்த்தவர்களுக்கு ஆறுமுகம்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

காற்பந்து அப்போது சோறு போட்டதா?

ஆறுமுகம் ஆடியது அமெச்சூர் காலம். ஆட்டக்காரர்கள் பகலில் வங்கியிலோ அரசாங்க அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்குப் போவார்கள். மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் 1989-இல்தான் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1988 டிசம்பரில், ஆறுமுகம் சாலை விபத்தில் காலமானார். அப்போது வயது 35.

இன்று நிலைமை மாறிவிட்டதா?

பாதிதான். ஜொகூர் டாருல் தக்சிம் மாதிரி பெரிய குழுவில் ஆட்டமே முழுநேரத் தொழில். கீழ்நிலை லீக்குகளில் அப்படி இல்லை. ஸ்காட்லாந்தின் கீழ்நிலை லீக்குகளிலும் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். மலேசியாவில் சில குழுக்கள் சம்பளப் பாக்கி வைத்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

கோல் காவலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: குழுவில் ஒரே ஓர் இடம். முதல் ஆளுக்குக் காயம் படாதவரை இரண்டாமவர் பெஞ்சில்தான். வேலையும் கூடிவிட்டது. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் பின்னுக்குத் தள்ளும் பந்தைக் கையால் எடுக்க ஆறுமுகம் காலத்தில் அனுமதி இருந்தது. 1992-இல் விதி மாறியது. இப்போது கோல் காவலருக்குக் காலும் பேச வேண்டும்.

ஆகவே, கையுறை மாட்ட ஆசையா? தாராளமாக மாட்டுங்கள். கூடவே ஒரு படிப்போ கைத்தொழிலோ வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் நம்பர் ஒன் கோல் காவலருக்கே அன்று காற்பந்து மட்டும் போதவில்லை.