கொல்வது கிருமியா, காவலா?

1892-ம் ஆண்டு, பெர்லின். ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் பைஃபர், காலராக் கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று, கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். கிருமிகள் செத்திருந்தும் கினிப்பன்றிகள் இறந்தன! கிருமியின் உடலிலேயே ஒரு நஞ்சு இருக்கிறது என்று முடிவு செய்த அவர், அதற்கு எண்டோடாக்சின் என்று பெயர் வைத்தார். கிருமியின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுதான் அது என்பது பிறகு தெரிந்தது.

சரி, அந்த நஞ்சு எப்படிக் கொல்கிறது? 1985-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பாய்ட்லரும் அந்தோணி செராமியும் ஒரு சோதனை செய்தார்கள். டி.என்.எஃப். என்ற புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு நஞ்சைச் செலுத்தினார்கள். பல எலிகள் பிழைத்தன. இதில் வியப்பு என்னவென்றால், டி.என்.எஃப். கிருமியின் பொருளே அல்ல. கிருமியை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் என்னும் நம் காவல் செல்கள், மற்ற செல்களை எழுப்ப அனுப்பும் செய்தி அது.

விரலில் முள் குத்திய இடத்தில் இந்தச் செய்தி பரவினால் வீக்கம், சிவப்பு, சூடு. அவ்வளவுதான். அதுவே உடல் முழுவதும் பரவினால் இரத்தக் குழாய்கள் கசிகின்றன, இரத்த அழுத்தம் விழுகிறது, நுண்குழாய்களில் இரத்தம் உறைகிறது, சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கின்றன. இதுதான் செப்சிஸ்.

காவல் செல் நஞ்சை அடையாளம் காண்பது எப்படி என்பதற்கு விடை ஈயிலிருந்து வந்தது. டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றால் இறப்பதை 1996-ல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு கண்டது. 1998-ல், எண்டோடாக்சினால் பாதிக்கப்படாத ஓர் எலி இனத்தில் அதைப் போன்ற டி.எல்.ஆர்.4 மரபணு பழுதாகியிருப்பதைப் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது. 2011 மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி இவ்விருவருக்கும் கிடைத்தது.

அப்படியானால் செய்தியை நிறுத்தினால் நோயாளி பிழைப்பாரா? இல்லை. 1990-களில் டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்துகள் செப்சிஸில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. டி.எல்.ஆர்.4-ஐத் தடுக்கும் எரிடோரனும் சுமார் 2000 பேரிடம் நடந்த சோதனையில் மரணங்களைக் குறைக்கவில்லை என்று 2013-ல் தெரிந்தது. எலிகளுக்கு மருந்து முன்பே கொடுக்கப்பட்டது. மனிதரோ, செய்தி பரவிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. எண்டோடாக்சினைத் தாங்கிய அதே எலிகள், உயிருள்ள சால்மோனெல்லாக் கிருமிகள் கொஞ்சம் நுழைந்தாலே இறந்துவிட்டன. கொல்லும் அந்தச் செய்திதான் காக்கும் செய்தியும்! அதனால்தான் இன்றும் செப்சிஸுக்கு முதல் மருந்து, காலம் தாழ்த்தாமல் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்.