வேலைக்காரி வேடமும் விருது மேசையும்

1940 பிப்ரவரி 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கர் விருது விழா நடந்தது. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் மேமி என்னும் பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல், சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆனால் உடன் நடித்த வெள்ளை நடிகர்களோடு அவர் உட்கார வைக்கப்படவில்லை. சுவரோரம் தனியாக ஒரு சிறு மேசை போட்டிருந்தார்கள். கறுப்பினத்தவரை அனுமதிக்காத ஹோட்டல் அது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கேட்டுக்கொண்டதால்தான் அவரால் உள்ளேயே வர முடிந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பு அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போகவே முடியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் நிறப் பிரிவினைச் சட்டம் தடுத்தது. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு அந்தத் தனி மேசையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோழர்களே, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம் தன் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வரும் நடிகருக்குத் திரை எந்த வேடத்தைத் தருகிறது, அதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்ற கேள்வியையும் அந்த வரலாற்றின் வழியே பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

1915இல் வெளியான ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில் முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் வெள்ளையர்களே முகத்தில் கரி பூசி நடித்தார்கள். கறுப்பர் ஒன்று விசுவாசமான அடிமை, இல்லையேல் வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் கொடியவர் என்று அந்தப் படம் காட்டியது. கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை வெறிக் கும்பல் அதே ஆண்டில் மறுபடியும் எழுந்தது. கரி பூசும் வழக்கம் குறைந்து கறுப்பினக் கலைஞர்கள் திரைக்கு வந்தபோதும் வார்ப்பு மாறவில்லை. பணிப்பெண், சமையல்காரர், ரயில் சுமைகாரர், கோமாளி ஆகிய வேடங்களே அவர்களுக்குக் கிடைத்தன.

இதைச் சிலரது கெட்ட மனத்தின் விளைவு என்று மட்டும் பார்க்கக்கூடாது. ஹாலிவுட் நிறுவனங்கள் 1930இல் வகுத்துக்கொண்டு 1934 முதல் கறாராகப் பின்பற்றிய தயாரிப்பு விதித்தொகுப்பு, வெள்ளையர்-கறுப்பர் காதலைத் திரையில் காட்டுவதைத் தடைசெய்தது. நாயகன் வெள்ளையர் என்றால் கறுப்பினப் பெண் நாயகியாக முடியாது. ஃப்ரெடி வாஷிங்டன் வெளிர்நிறம் கொண்ட கறுப்பினப் பெண். 1933இல் ‘த எம்பரர் ஜோன்ஸ்’ படத்தில் பால் ராப்சனுடன் நடித்தபோது, பார்ப்பவர்கள் அவரை வெள்ளைக்காரி என்று எண்ணிவிடக்கூடாது என்று அவர் தோலில் கருஞ்சாயம் பூசினார்கள். பணிப்பெண் வேடத்துக்கு அவர் வெளிர்நிறம். நாயகி வேடத்துக்கு அவர் கறுப்பர்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஹேட்டி வந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். தந்தை உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். ஹேட்டி பாடகி, பாடலாசிரியர், மேடைக் கலைஞர். 1929இன் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து, மில்வாக்கியில் ஒரு கேளிக்கை விடுதியின் கழிப்பறைப் பணியாளராக இருந்தார். ஹாலிவுட்டுக்கு வந்த பிறகும் வீட்டு வேலை செய்துகொண்டேதான் வாய்ப்புத் தேடினார். திரையில் அவர் ஏற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை பணிப்பெண் வேடங்களே. விருது பெற்ற பிறகும் அது மாறவில்லை.

இங்கே ஒரு கசப்பான சண்டை தொடங்கியது. நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் செயலாளர் வால்ட்டர் வைட், 1942இல் ஹாலிவுட் முதலாளிகளைச் சந்தித்தார். கறுப்பினத்தவரை மருத்துவராக, ஆசிரியராக, தெருவில் நடக்கும் சாதாரண மனிதராகக் காட்டுங்கள் என்று கேட்டார். நியாயமான கோரிக்கை. ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் அந்தத் தொழிலில் உழன்ற நடிகர்களை அவர் கலந்து பேசவில்லை என்ற மனக்குறை எழுந்தது. இருக்கிற வேடமும் போய்விடும், புதிய வேடமும் வராது என்று அவர்கள் அஞ்சினார்கள். ‘சமூகத்துக்கு இழுக்கு’ என்ற பழியை ஹேட்டி சாகும்வரை சுமந்தார்.

அந்த அச்சத்தில் உண்மை இருந்தது. வைட்டின் ஆதரவோடு 1942இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் சேர்ந்த லீனா ஹார்ன், பணிப்பெண் வேடம் ஏற்பதில்லை என்று உறுதியாக இருந்தார். நிறுவனம் அவருக்குத் தனிப் பாட்டுக் காட்சிகள் கொடுத்தது. தென் மாநிலத் திரையரங்குகளில் அந்தக் காட்சிகளைக் கத்தரித்துவிட்டுப் படத்தை ஓட்டலாம். கதைக்கு ஒரு குறையும் வராது. 1951இல் ‘ஷோ போட்’ படத்தில் கலப்பினப் பெண் பாத்திரம் வந்தபோதும் அது வெள்ளை நடிகை ஆவா கார்ட்னருக்கே போனது. வேடத்தை ஏற்றவருக்குப் பழி, மறுத்தவருக்குக் கத்தரி. வாசலைக் குறுக்கி வைத்தவன் வேடிக்கை பார்க்க, வாசலில் நெருக்குண்டவர்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள்.

அதே ஹேட்டியின் இன்னொரு முகத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸின் ‘சுகர் ஹில்’ பகுதி வீட்டுப் பத்திரங்களில், கறுப்பினத்தவர் அங்கே குடியிருக்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஊரென்றும் சேரியென்றும் பிரித்த கோட்டை அங்கே பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே வீடு வாங்கிய கறுப்பினத்தவரை வெளியேற்ற வெள்ளையர்கள் வழக்குப் போட்டபோது, ஹேட்டியும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து எதிர்த்து நின்று 1945இல் வென்றார்கள். அவர்களுக்காக வாதாடிய லோரன் மில்லர், அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளிலும் வாதாடினார். திரையில் பணிந்து நின்றவர் தெருவில் பணியவில்லை.

வாசலில் காத்து நிற்காமல் தனி வீடு கட்டியவரும் உண்டு. ஆஸ்கர் மிஷோ 1919 முதல் சொந்தமாகப் படம் எடுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். 1920இல் வந்த அவருடைய ‘விதின் அவர் கேட்ஸ்’, கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் வெள்ளையர்களைத் திரையில் காட்டியது. ஊர் ஊராகப் போய்ப் படத்தை விற்றார். அவர் படங்களில் கறுப்பினத்தவர் வழக்கறிஞர்களாக, ஆசிரியர்களாக, காதலர்களாக வந்தார்கள். ஆயினும் நாயக வேடங்களுக்கு வெளிர்நிறத்தவரையே தேர்ந்தார் என்ற விமர்சனம் அவர்மீதும் உண்டு. வார்ப்பு நம் கண்ணுக்குள்ளும் இருக்கிறது என்பதை அது நினைவூட்டுகிறது.

நம் மண்ணில் இது தலைகீழாக நடந்தது. முதல் மலையாளப் படமான ‘விகதகுமார’னில், ஜே.சி. டேனியல் புலையர் சமூகத்துப் பெண்ணான பி.கே. ரோசியை நாயர் பெண்ணாக நடிக்க வைத்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது சாதி இந்துக்கள் கலகம் செய்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்து, நாகர்கோவிலில் பெயர் மறைத்து வாழ்ந்தார். ஹாலிவுட் ஹேட்டிக்கு வேலைக்காரி வேடத்தை மட்டும் தந்தது. இங்கே மேல்சாதிப் பெண்ணாக நடித்ததற்காக ரோசியை விரட்டினார்கள். இரண்டும் ‘உன் இடத்தில் இரு’ என்ற ஒரே கட்டளைதான்.

ஹேட்டி 1952இல் இறந்தார். தன்னை அடக்கம் செய்ய அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் இடம் தர மறுத்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற விருதுப் பட்டயமும் பின்னர் காணாமல் போனது. 2023இல்தான் அதற்கு மாற்றுப் பட்டயம் தரப்பட்டது. இன்னொரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக ஆஸ்கர் பெற 1991வரை, வூப்பி கோல்ட்பர்க் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே நம் மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். நம் சமூகத்துக் கலைஞர் அடியாளாகவோ குடிகாரராகவோ கேலிக்குரியவராகவோ ஒரு படத்தில் வந்தால், அவரைத் திட்டும் முன் அந்தப் படத்தை எழுதியவர் யார், பணம் போட்டவர் யார், திரையரங்கம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஹேட்டியிடம் கேட்கப்பட்ட கணக்கில் பாதிகூட ஹாலிவுட் முதலாளிகளிடம் கேட்கப்படவில்லை. நாம் கேட்போம். கேட்பதோடு நில்லாமல் எழுதுவோம், எடுப்போம், திரையிடுவோம்.

ஜெய்பீம்.