மலைப்பாதையும் மின் எரிபொருட் பம்பியும்: வலப்பனையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரத்தின் வலுவையும் வேகத்தையும் உடலமைப்பின் அழகையுமே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். தாங்கியிலுள்ள பெற்றோல் எவ்வாறு இயந்திரத்தைச் சென்றடைகிறது என்னும் வினா அவர்களுக்குச் சிறியதாகவே தோன்றும். சமதரையில் அது சிறிய வினாதான். மலைநாட்டிலோ வண்டி ஏறுவதும் இடைவழியில் நிற்பதும் அதன் விடையைப் பொறுத்தே அமைந்தன.

கண்டியிலிருந்து ஹங்குராங்கெத்த, பதியப்பலல்ல வழியாக வலப்பனைக்கு வந்து, அங்கிருந்து இராகலைக்கும் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் பாதை இவ்வினாவை ஆராய ஏற்றதொரு களமாகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ளது கண்டி. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. கீழே நெல்வயல்களும் மேலே தேயிலைத் தோட்டங்களுமாக விரியும் வலப்பனைப் பிரதேசம் இவ்விரு உயரங்களுக்கும் இடைப்பட்ட ஏற்றத்தைத் தன்னுள் கொண்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை 1903-1904 காலப்பகுதியில் அமைக்கப்பட்ட ஒடுங்கிய இருப்புப்பாதையும் 1940களில் மூடப்பட்டது. அதன்பின் தேயிலையும் அரிசியும் மனிதரும் மோட்டார் வண்டியையே முற்றாக நம்பவேண்டியதாயிற்று.

தொடக்ககால வண்டிகள் பலவற்றில் பெற்றோல் தன் நிறையாலேயே கீழிறங்கி இயந்திரத்தை அடைந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்ட போர்ட் ‘ரி’ வண்டியின் தாங்கி முன்னிருக்கையின் கீழே இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கம் உயரும்போது, தாங்கியில் எரிபொருள் குறைவாயின் அது காபரேற்றருக்குப் பாயாது. ஆதலால் சாரதிகள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேற்றும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் நிலவியது. இக்குறையை நீக்க, இயந்திரத்தின் உறிஞ்சலால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பெற்றோலை மேலிழுக்கும் ‘ஓட்டோவக்’ போன்ற கருவிகள் வந்தன. எனினும் நெடிய ஏற்றத்தில் இயந்திரத்தை முழு வலுவுடன் இயக்கும்போது அவ்வெற்றிடமே நலிந்துவிடும். மிகுதியாக எரிபொருள் வேண்டப்படும் வேளையிலேயே அது மிகக் குறைவாகக் கிடைத்தது.

1920களின் பிற்பகுதி முதல் இரு வேறு தீர்வுகள் தோன்றின. ஒன்று, இயந்திரத்தின் காம் தண்டினால் அசைக்கப்படும் மென்தகட்டுப் பம்பி. மற்றையது, மின்காந்தத்தால் அதே மென்தகட்டை இழுத்துச் சுருள்வில்லால் மீளத் தள்ளும் மின் பம்பி. பின்னையதை இங்கிலாந்தில் பரவலாக்கியது எஸ்.யு. நிறுவனமாகும். அந்நிறுவனம் 1926 இல் வில்லியம் மொறிஸின் உடைமையாயிற்று. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரும் அதே ஆண்டில் அறிமுகமான முதல் லான்ட் ரோவர் வரிசையும் எஸ்.யு. மின் பம்பியைக் கொண்டிருந்தன. ஒஸ்ரின் ஏ30, ஹில்மன் மின்க்ஸ், வில்லிஸ் ஜீப் ஆகியனவோ இயந்திரப் பம்பியுடனேயே வந்தன. எனவே பழைய வண்டிக்கு மின் பம்பி அந்நியமானதொரு பொருள் என்னும் கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று.

மலையேற்றம் இயந்திரப் பம்பியின் குறையை நன்கு வெளிப்படுத்துகின்றது. அப்பம்பி சூடான இயந்திரத்தின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். பின்னாலுள்ள தாங்கியிலிருந்து பெற்றோலை அது உறிஞ்சியே எடுக்கவேண்டும். உறிஞ்சும்போது குழாயினுள் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறையத் திரவத்தின் கொதிநிலையும் குறைகிறது. நுவரெலியாவின் உயரத்தில் வளிமண்டல அமுக்கமே கடற்கரையில் உள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்ந்து ஏறும் வண்டியில் வெப்பம் மிகும், குளிர்விக்கும் காற்றோ குறையும். இவை யாவும் ஒருங்கு சேரும்போது பெற்றோல் குழாயினுள்ளேயே ஆவியாகிறது. திரவத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பி ஆவியைத் தள்ள மாட்டாது ஓய்கிறது. பம்பியின்மேல் நனைத்த துணியைச் சுற்றி, அது குளிரும்வரை வீதியோரத்தில் காத்திருப்பதே சாரதிகள் அறிந்த மருந்தாயிருந்தது. தாங்கியின் அருகே பொருத்தப்படும் மின் பம்பியோ பெற்றோலைப் பின்னிருந்து தள்ளுகின்றது. குழாயினுள் அமுக்கம் உயர்வதால் ஆவியாதல் தடைப்படுகிறது.

இம்மாற்றம் இலங்கையில் தனிப் பொருள் பெற்றமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அந்நிலை நீடித்தது. 1940களிலும் 1950களிலும் வந்த வண்டிகளே அக்காலத்தில் மீண்டும் மீண்டும் செப்பனிடப்பட்டு ஓடின. 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இலேயே அனுமதிக்கப்பட்டது. பழையதைப் பேணுதல் வேறு நாடுகளில் செல்வர்தம் பொழுதுபோக்காகலாம்; இலங்கையில் அது நெடுங்காலம் தேவையின்பாற்பட்டதாகவே இருந்தது.

எனினும் மாற்றம் என்பது ஒரு பொருளைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுவதோடு முடிவதன்று. பழைய காபரேற்றர் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 1 முதல் 3 இறாத்தல் வரையான அமுக்கத்தையே தாங்கும். புதிய வண்டிகளின் எரிபொருள் உட்செலுத்தற் பம்பியோ 40 இறாத்தலையும் எட்டும். அதனைப் பூட்டினால் பெற்றோல் பொங்கி வழிந்து தீப்பற்றக்கூடும். அக்கால ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றின் மின்னழுத்தம் 6 வோல்ற்று மாத்திரமே. இவற்றை நோக்காது இலத்திரனியற் பம்பியை இணைப்பின் அது கருகிவிடும். மேலும், இயந்திரம் நின்றதும் இயந்திரப் பம்பி தானாகவே நின்றுவிடும். மின் பம்பியோ விபத்தில் வண்டி கவிழ்ந்த பின்னும் பெற்றோலை இறைத்துக்கொண்டிருக்கும். ஆதலால் உருகியும், மோதலின்போது மின்னைத் துண்டிக்கும் ஆளியும் அம்மாற்றத்தின் பிரிக்கவொண்ணாத பகுதிகளாகும்.

இத்தகைய மாற்றம் வண்டியின் தொன்மையைக் குலைக்கும் என்போரும் உளர். அவர்தம் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கழற்றிய பம்பி குப்பையில் எறியப்படும்போது ஒரு காலத்துத் தொழில்நுட்பத்தின் சான்று அழிந்துபோகிறது. ஆனால் ஓடாது கொட்டகையில் துருவேறும் வண்டியும் சான்றாக நெடுநாள் நில்லாது. வெறுமையான துவாரத்தைத் தகட்டால் மூடி, உடலில் புதிய துளையிடாது மின் பம்பியைப் பொருத்தி, பழைய பம்பியைப் பெயரிட்டுப் பேணின், விரும்பும்போது பழைய நிலைக்கு மீளலாம். மீட்கத்தக்க மாற்றமே வரலாற்றுக்கு இசைந்த மாற்றமாகும்.

இதனினும் பெரியதோர் இழப்பு உண்டு. மொறிஸ் மைனர் வெளிவந்த அதே 1948 ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாதைகள் அவர்தம் உழைப்பைக் கொண்டவை. அப்பாதைகளில் ஓடிய கார்களோ துரைமாருக்குரியவை. பழைய வண்டிகளின் பதிவேடுகள் உற்பத்தி ஆண்டையும் அடிச்சட்ட இலக்கத்தையும் உரிமையாளர் பெயரையும் கூறும். தேய்ந்த தொடுமுனையை அரத்தால் தேய்த்து, கிழிந்த மென்தகட்டுக்கு மாற்று வெட்டி, கராஜ்களிலும் தோட்டப் பட்டறைகளிலும் அவ்வண்டிகளுக்கு உயிரூட்டியவரின் பெயரை அவை கூறா. அவ்வறிவு நூலில் இல்லை. கையிலிருந்து கைக்குச் சென்றது. மின் பம்பி பெருகப் பெருக அதற்கான தேவை அருகும். தேவை அருகிய அறிவு ஒரு தலைமுறைக்குள் மறைந்தொழியும்.

ஆகவே வலப்பனைப் பாதையில் ஏறும் பழைய வண்டிக்கு மின் பம்பியைப் பூட்டுவதில் தவறில்லை. ஈர்ப்பிலிருந்து வெற்றிடத்துக்கும், வெற்றிடத்திலிருந்து காம் தண்டுக்கும் மின்காந்தத்துக்கும் சென்ற நீண்ட வழியில் அதுவும் ஒரு படியே. கழற்றப்படும் பம்பியோடு, அதனை இத்தனை ஆண்டுகள் இயங்கவைத்த கைகளின் செய்தியையும் பதிவு செய்தல் வேண்டும். மலையகத்தின் தொழில்நுட்ப வரலாறு எழுதப்படுங்கால், அதன் முதல் ஆவணங்களாக அமையத்தக்கவை அப்பதிவுகளேயாம்.