திருத்தாமல் விட்ட பிழை



நூலகம் என்றவுடன் புத்தக அலமாரிகளே நம் நினைவுக்கு வரும். கணிப்பொறித் துறையிலோ, பலரும் எடுத்தாள்வதற்கென எழுதி வைத்த நிரல் தொகுப்பையும் நூலகம் என்றே வழங்குவர். தகவல்களை அட்டவணைகளாகப் பதிந்து, கேட்டவுடன் தேடித் தரும் தரவுத்தள நூலகம் ஒன்றின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன். அதன் பெயர் எஸ்க்யூலைட்.

அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருட்பணியில் ஈடுபட்டிருந்தார் ரிச்சர்டு ஹிப் என்னும் அறிஞர். அம்மென்பொருள் தனக்கு வேண்டிய தகவல்களைத் தனியே இயங்கும் ஒரு வழங்கியிடமிருந்து பெற்றுவந்தது. வழங்கி நின்றுபோனால் மென்பொருளும் செயலற்றுப் போகும். வழங்கியே இன்றி, சாதாரணக் கோப்பு ஒன்றிலேயே தரவுகளை வைத்தால் என்ன என்று ஹிப் சிந்தித்தார். டிக்கிள் என்னும் நிரல் மொழிக்குத் துணையாக அந்நூலகம் உருவாகி, 2000ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளியாயிற்று. உரிமை கோராது அதனைப் பொதுவுடைமை ஆக்கினார் அவர். 2004இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2006இல் பைத்தான் மொழியும் அதனைப் பயன்படுத்தும் வசதியைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. இன்று நம் கைப்பேசிகளிலெல்லாம் அது குடியிருக்கிறது.

ஆக்கியதைக் காட்டிலும் காத்ததே அரிய செயல். அதற்கு ஒரு சான்று கூறுவேன். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு சேர்க்கை எண் உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் அத்தகைய அடையாளமாக விளங்குவது முதன்மைத் திறவுகோல். அது வெறுமையாக இருத்தல் கூடாது என்பது விதி. எஸ்க்யூலைட்டின் தொடக்கப் பதிப்புகளில் நேர்ந்த பிழையால், பல அட்டவணைகளில் வெறுமையும் ஏற்கப்பட்டது. பிழை புலப்பட்டபோது, அந்நூலகத்தை நம்பி எழுதப்பட்ட கோப்புகள் எங்கும் பரவிவிட்டன. பிழையைத் திருத்தினால் அக்கோப்புகளை நம்பியிருந்தோர் இடருறுவர். திருத்தாவிடில் குறை நிலைத்துவிடும். என் செய்வது?

ஹிப்பும் அவர்தம் சிறு குழுவினரும் பழைய அட்டவணைகளுக்குப் பழைய வழக்கத்தையே விட்டுவைத்தனர்; குறையை மறைக்காமல் தம் ஆவணங்களில் எழுதியும் வைத்தனர். பின்னர் 2013இலும் 2021இலும் புதுவகை அட்டவணைகளை ஏற்படுத்தி, அவற்றில் மட்டும் விதியைக் கண்டிப்பாக்கினர். வேண்டுவோர் புதியதைத் தேர்ந்துகொள்ளலாம், பழையோர்க்கு இழப்பில்லை.

எந்த மாற்றமும் பழையதைக் குலைத்துவிடாதிருக்க, நூலகத்தின் நிரலைப்போல் பல நூறு மடங்கு சோதனை நிரல்களை அவர்கள் எழுதியுள்ளனர். 2004இல் எழுதிய மூன்றாம் பதிப்புக் கோப்பை இன்றைய பதிப்பும் திறந்து படிக்கும். 2050ஆம் ஆண்டு வரை இந்நூலகத்தைப் பேணுவதே தம் நோக்கம் என்றும் அறிவித்துள்ளனர்.

என் பணிக்காலத்தில், சேர்க்கைப் பதிவேட்டின் பழைய வரியைச் சுரண்டி அழிக்க எவரையும் நான் விட்டதில்லை. தவறு இருப்பின் சிவப்பு மையால் பக்கத்தில் திருத்திக் கையொப்பமிடச் செய்வேன். முப்பதாண்டு கழித்து ஒருவர் சான்றிதழ் கேட்டு வரும்போது, அவ்வரி அங்கே இருத்தல் வேண்டுமன்றோ? நீங்களும் நாளை ஏதேனும் ஒன்றை ஆக்குவீர்கள். அதனைத் திருத்த முற்படும்போது, அதை நம்பி வாழ்வோர் யாவர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.