பட்டறையிலிருந்து பஞ்சர் கடை வரை

கடலூரிலிருந்து வடலூர் போகிற ரோட்டில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டாப், நாலு டீக்கடை, பின்னால முந்திரித் தோப்பு. ஆனா பேரை ஒரு தடவை நிதானமா சொல்லிப் பாருங்க. சாவடி. அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கவும், மாட்டை அவிழ்த்துக் கட்டித் தண்ணி காட்டவும் ரோட்டோரம் இருந்த இடத்துக்குத்தான் சாவடின்னு பேர். தமிழ்நாட்டில் சாவடின்னு முடியும் ஊர்கள் நிறைய உண்டு.

இன்னைக்கு அந்த சாவடி வேலையைச் செய்வது யார்னு யோசிச்சா எனக்குத் தோன்றுவது பஞ்சர் கடைதான். நடு ராத்திரியில் வண்டி நின்னு போனால், முன்பின் தெரியாத ஊரில் நாம தேடிப் போகிற முதல் ஆள் பஞ்சர் கடைக்காரர். அவரைப் பத்தி யாரும் வரலாறு எழுதினதில்லை. எனக்குத் தெரிஞ்ச அளவில் எழுதுகிறேன்.

இரும்பு டயர்

ரப்பர் வருவதற்கு முன்னாலேயே எங்க ஊர்களில் டயர் இருந்தது. மர வண்டிச் சக்கரத்தைச் சுத்தி இருக்கிற இரும்புப் பட்டா இருக்கே, அதுதான் டயர். இங்கிலீஷிலும் அந்தச் சொல் முதலில் இரும்பு வளையத்தைத்தான் குறித்தது. ரப்பர் பிறகு வந்து அந்தப் பேரை எடுத்துக்கொண்டது.

பட்டா கட்டுவது ஒரு ஆள் வேலை இல்லை. ஆசாரி மரச் சக்கரத்தைச் செய்து கொடுப்பார். கொல்லர் பட்டாவைச் சக்கரத்தை விடக் கொஞ்சம் சின்னதாக வளைத்து, வரட்டி அடுக்கி நெருப்பில் காய்ச்சுவார். இரும்பு சிவந்து விரிந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கி வந்து சக்கரத்தில் மாட்டி, சுத்தியால் தட்டி இறக்கி, உடனே தண்ணி ஊத்தணும். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஒரு நிமிஷம் தாமதமானால் மரம் கருகிப் போகும். அதனால பட்டா கட்டுற அன்னைக்குத் தெருவில் இருக்கிறவங்க எல்லாரும் குடத்தோடு வந்து நிற்பாங்க.

அச்சுக்கு வண்டி மை போடணும். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் வைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிடுவார்கள். மை இல்லாத வண்டி கத்திக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டே யார் வண்டியை ஒழுங்கா வைத்திருக்கிறார், யார் வைத்திருக்கலைன்னு ஊருக்குத் தெரியும். பராமரிப்புன்னு இன்னைக்கு நாம சொல்வது அப்போ மானப் பிரச்சனை.

மாட்டு வைத்தியர் செய்த டயர்

காத்தடைத்த டயரை 1888-ல் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் ஜான் பாய்ட் டன்லப். அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் இருந்தார். அவருடைய தொழில் கால்நடை வைத்தியம். மகனுடைய மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு செய்தது அது. அவருக்கு முன்னாலேயே 1840-களில் ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்கு உரிமம் வாங்கியிருந்தார், ஆனால் அது பரவவில்லை.

மாட்டு வைத்தியர் கண்டுபிடித்த டயர் கடைசியில் மாட்டுக்கே உதவியாக வந்தது. டன்லப் கம்பெனி இந்தியாவில் மாட்டு வண்டிக்கென்றே தனி டயர் விற்றது. வடக்கே சில இடங்களில் இன்னும் அதை டன்லப் வண்டின்னே சொல்றாங்க. நம்ம பக்கம் டயர் வண்டி. கட்டை வண்டியை விட கிட்டத்தட்ட இரண்டு பங்கு பாரம் ஏத்தலாம், ரோடும் பள்ளம் விழாது, மாட்டுக் கழுத்தும் தப்பும். நெல்லிக்குப்பத்தில் 1842-லிருந்து சர்க்கரை ஆலை இருக்கிற மாவட்டம் இது. கரும்பு ஏத்திய டயர் வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம்.

ஆனால் ஒரு வித்தியாசம். இரும்புப் பட்டாவுக்கு முள் பயம் இல்லை. ரப்பருக்கு உண்டு. மாட்டுக் கால் லாடத்திலிருந்து விழுந்த ஆணியே அந்த மாட்டுக்குப் பின்னால் வரும் டயரில் குத்தும். 1912-ல் மதுரையில் பஸ் விட்ட டி.வி.சுந்தரம் அய்யங்கார், லாட ஆணி பொறுக்குவதற்காகப் பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓட்டச் சொன்னார்னு ஒரு கதை சொல்வாங்க. கதையோ நிஜமோ, அந்தக் காலத்து ரோட்டுக்கு எது எதிரின்னு அது சரியாகச் சொல்கிறது.

நம்ம ஆட்கள் வெட்டின பால்

ரப்பர்னா நமக்குக் கேரளா ஞாபகம் வரும். அதுக்கு முன்னால மலேயா. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற இங்கிலாந்துக்காரர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அதில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. மலேயாவில் காடு அழிந்து தோட்டமானது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்ட நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் போல நம்ம தென்னாற்காட்டிலிருந்தும் போனார்கள். டெட்ராய்ட்டில் ஓடிய காருக்கும் மெட்ராஸில் ஓடிய பஸ்ஸுக்கும் டயர் ஆனதில் அவர்கள் விடியற்காலை வெட்டிய பாலும் சேர்ந்திருக்கும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேரை சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பகுதி திரும்பி வரவில்லை. இந்தப் பக்கம் உலகத்து ரப்பரில் பெரும்பங்கு நின்று போய், டயர் தங்கம் மாதிரி ஆனது. பெட்ரோலும் இல்லை. கரி வாயுவில் பஸ் ஓடியது. தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போடும் வேலை அப்போதுதான் நம்ம பக்கம் பெரிதாகக் காலூன்றியது. டி.வி.எஸ். நிறுவனத்தார் கரி வாயு கருவியும் செய்தார்கள், டயர் புதுப்பிக்கும் ஆலையும் வைத்தார்கள்.

நம்ம லாரிக்காரர்கள் இதை ரீபட்டன்னு சொல்வாங்க. தேய்ந்த மேல் பாகத்தை உரசி எடுத்துட்டு, புது ரப்பர் பட்டையை ஒட்டி, அச்சில் வைத்து வேக வைக்கிறது. டயரின் உடம்பு நல்லா இருந்தாத்தான் தாங்கும். அதனாலதான் முன் சக்கரத்துக்கு ரீபட்டன் போடாதேன்னு பழைய டிரைவர்கள் சத்தியம் வாங்குவாங்க. எம்.ஆர்.எப். கம்பெனி கூட 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. 1952-ல் இந்த ரீபட்டன் ரப்பருக்கு மாறிய பிறகுதான் அது வளர்ந்தது. முழு டயர் செய்தது 1961-ல்.

நெய்வேலிக்கு லாரி வந்த காலம்

1935-ல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணியோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி கம்பெனி பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. முந்திரியும் வேர்க்கடலையும் சவுக்கும் மட்டும் போய்க்கொண்டிருந்த ரோடுகளில் இரும்பும் சிமெண்டும் போக ஆரம்பித்தன. லாரி வந்தால் பஞ்சர் கடை வரும்.

சுரங்கத்துக்குள்ளேயும் அதே தொழில்தான் வேற அளவில் நடக்கிறது. மண்ணையும் கரியையும் கொண்டு போகும் கன்வேயர் பெல்ட்டுகள் சில இரண்டு மீட்டருக்கும் மேல் அகலம். உள்ளே எஃகுக் கம்பி, மேலே ரப்பர். ஒரு முனையோடு இன்னொரு முனையைச் சேர்க்க, நடுவில் ரப்பர் வைத்து, அழுத்தி, சூடு கொடுத்து வேக வைக்கிறார்கள். பேர் வல்கனைசிங். ரோட்டோரக் கடை போர்டில் இருப்பதும் அதே சொல்தான். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடு பண்ணினால் இளகாமல் உறுதியாகும்னு 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டது. ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன் பேரை அதுக்கு வைத்தார்கள்.

நம்ம கடைக்காரர் இதுக்குப் பெரிய மெஷின் வாங்கலை. பழைய இன்ஜின் பிஸ்டனைக் கவிழ்த்து, குழிவுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்திப் பற்ற வைப்பார். டியூபில் ஓட்டை இருக்கிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பச்சை ரப்பர் வைத்து, மேலே பிஸ்டனை வைத்துத் திருகி இறுக்குவார். எண்ணெய் எரிந்து முடியும் நேரமும் ரப்பர் வேகும் நேரமும் ஒண்ணா இருக்கும். கடிகாரம் தேவையில்லை.

பழைய லாரி ரோட்டு ஊர்களில் 'கேரளா டயர் ஒர்க்ஸ்' போர்டு கட்டாயம் இருக்கும். ரப்பர் விளையும் ஊரிலிருந்து தொழிலோடு வந்தவர்கள். அவர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்த பையன்கள்தான் பிறகு ஊர் ஊராகத் தனிக்கடை போட்டார்கள். இன்னொரு கிளை, மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட கடைகள். வால் டியூப் மாட்டவும், கோட்டம் எடுக்கவும் கற்றவர்கள் மெதுவாக மோட்டார் சைக்கிளுக்கும், பிறகு டிராக்டருக்கும் வந்தார்கள்.

கடையும் ஊரும்

பட்டணத்து நண்பர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: டிராக்டர் பின் டயருக்குள் காத்து மட்டும் இல்லை, முக்கால் பங்கு வரைக்கும் தண்ணி ஏத்துவது உண்டு. வண்டிக்குப் பாரம் கூடும், உழும்போது சக்கரம் வழுக்காது. அந்த டயரில் கருவேல முள் குத்தினால் தண்ணியை எடுத்து, ஆள் உயர டயரைக் கழற்றி, ஒட்டி, மறுபடி தண்ணி ஏத்தணும். அறுவடை நாளில் நெல் மூட்டையோடு டிரெய்லர் நின்னு, மேலே மேகம் கறுத்தால், அந்த நேரம் கடைக்காரர் வயலுக்கே வந்து ஒட்டிக் கொடுப்பது வெறும் வியாபாரம் இல்லை. காசை அறுப்பு முடிந்து வாங்கிக்கிறேன்பார்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ரோடு முழுக்கக் கூரை ஆணியும் தகரமும். எந்த வண்டி எடுத்தாலும் பஞ்சர். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஆயில் இன்ஜினில் கம்ப்ரெசர் ஓட்டிய பழைய கடைகள்தான் காத்து அடித்துக் கொடுத்தன. ஜெனரேட்டர் வைத்திருந்த இடத்தில் செல்போன் சார்ஜ் போட வரிசை நின்றது. 2015 வெள்ளத்தில் லாரி டியூப் மிதவையானது.

மறுபக்கமும் இருக்கு. கடை வாசலில் கிடக்கும் பழைய டயரில் மழைத் தண்ணி நின்றால் ஏடிஸ் கொசு முட்டை போடும். அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆசியாவின் புலிக்கொசு 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறியது பழைய டயர் ஏற்றுமதியில் ஒட்டிக்கொண்டு போய்த்தான். நம்ம மாநிலம் 2012-லும் 2017-லும் டெங்குவில் பட்ட பாடு தெரியும். சுகாதாரத் துறையினர் அபராதம் போடுவது பஞ்சர் கடைகளைத்தான். கூரைக்கு அடியில் அடுக்கி வைத்தால், அல்லது தண்ணி வடிய ஓட்டை போட்டு வைத்தால் போதும். இதைச் செய்கிற கடைக்காரர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி பேட்ச் ஒட்டுவதை விடப் பெரிசு.

இப்போது

டியூப்லெஸ் டயர் வந்த பிறகு கார், பைக் பஞ்சர் ஐந்து நிமிஷ வேலை. ஒரு ஊசி, ஒரு ரப்பர் திரி. பெட்ரோல் பங்கில் காத்து இலவசம். ஸ்டெப்னி கூடச் சில கார்களில் வருவதில்லை. (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பேர். 1904-ல் அங்கே கடை வைத்த டேவிஸ் சகோதரர்கள் விற்ற மாற்றுச் சக்கரம் அது. அந்த நாட்டில் மறந்த சொல்லை நம்ம லாரி டிரைவர்கள் காப்பாத்தி வச்சிருக்காங்க.) நாலு வழிச்சாலைகள் ஊரை ஒதுக்கிப் போகின்றன. கடைக்குப் பையன்கள் வருவதில்லை. கையெல்லாம் கறுப்பாகும் வேலைக்கு யார் வருவார்?

ஆனால் டிராக்டர், டிரெய்லர், டயர் வண்டி இதுக்கெல்லாம் இன்னும் டியூப்தான். டிராக்டர் பின் டயர் ஒரு ஜோடி பல பத்தாயிரம் ரூபாய். நூறு இருநூறு ரூபாயில் ஒட்ட வேண்டியதை, ஒட்டத் தெரிந்த ஆள் இல்லாமல் புதுசா வாங்கும் நிலை வந்தால், அந்தச் செலவு நெல் விலையில் சேராது. விவசாயி தலையில்தான் விழும்.

இந்த ரோட்டில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காத்தைக் காலையில், டயர் சூடாகும் முன்னால் பாருங்க. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வயசான டயர் பட்டன் நல்லா இருந்தாலும் வெடிக்கும். கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே மாத்தணும். இதில் எது புரியலைன்னாலும் ரோட்டோரக் கடையில் நிறுத்திக் கேளுங்க. கையால் தடவிப் பார்த்தே சொல்லிடுவார். காத்துக்குக் காசு வேண்டாம்னு சொன்னாலும் கொடுத்துட்டுப் போங்க.