ஏட்டில் ஏறிய பெயர்

நேயர்களே, பாணேரிலிருந்து புணே நகருக்குள் செல்லும் நம்மவர்கள் நாள்தோறும் கணேஷ்கிந்துப் பகுதியைக் கடந்து செல்கிறார்கள். இன்று பல்கலைக் கழகம் அமைந்துள்ள வளாகத்தில் அக்காலத்தில் ஆளுநர் மாளிகை இருந்தது. 1897-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் இரவு, விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆண்டு விழா அங்கே நடந்தது. விழா முடிந்து திரும்பிய ராண்டு என்ற அதிகாரியும் அயர்ஸ்டு என்ற படைத் தலைவரும் அச்சாலையிலேயே சுடப்பட்டனர். பிளேக் நோய்த் தடுப்பின் பெயரால் மக்கள் அடைந்த துன்பத்துக்குப் பழி வாங்கவே இதைச் செய்ததாகச் சாபேகர் சகோதரர்கள் கூறினர். தாமோதர் சாபேகர் 1898 ஏப்ரல் 18-இல் எரவாடாச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த இரவைக் கண்டவர்களில் ஒருவரேனும் இன்று இல்லை. ஆயினும் நடந்ததை நாம் அறிகிறோம். போலீஸார் எழுதிய குறிப்புகளும், நீதிமன்றம் பதிவு செய்த சாட்சியமும், சிறையிலிருந்தபடி தாமோதர் மராத்தியில் எழுதிய தன் வரலாறும் அழியாமல் எஞ்சியிருப்பதே அதற்குக் காரணம். குற்றம் ஒரு நொடியில் நிகழ்ந்து விடுகிறது. ஏடு நூறாண்டு நிற்கிறது. அவ்வேட்டை எழுதுவோர் யார், காப்போர் யார், புரட்டிப் பார்க்க உரிமை உடையோர் யார் என்பதே நம் இன்றைய பேச்சு.

இதனைப் பற்றி எண்ண என்னைத் தூண்டியது அண்மையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒரு தமிழ் இளைஞருக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்தது. சேர வேண்டிய நாளுக்கு முன்பாக, “தங்கள் பெயரில் சொந்த ஜில்லாவில் ஒரு திருட்டு வழக்கு உள்ளது, விளக்கம் தருக” என்று ஓலை வந்தது. பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. ஊரிலுள்ள தாயாருக்கு எழுதவும் அஞ்சினார். அலுவலகத்தில் ஏடுகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், “அண்ணா, தாங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்” என்று என்னிடம் வந்தார். அவருடைய கதையின் முடிவைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் பழைய ஏடுகளைச் சற்றுப் பார்ப்போம்.

ஒருவருடைய கடந்த காலத்தை ஆராய்ந்த பின்னரே அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கம் தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம் பெறலாகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் அதே தடை. சொத்து, வயது, கல்வி ஆகியவற்றோடு ஒழுக்கத்தையும் நம் முன்னோர் அளந்து பார்த்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 2002-ஆம் ஆண்டில் நமது உச்ச நீதிமன்றம், தேர்தலில் நிற்போர் தம் மீதுள்ள குற்ற வழக்குகளை வாக்காளர் அறியும்படி வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, உத்தரமேரூர்க் கோயிற் சுவரை நினைவு கூர்ந்த தமிழர் பலர் இருந்திருப்பர்.

கல்வெட்டு, குற்றப் பதிவேடாகவும் பயன்பட்டது. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன் முதலியோரைப் பெயர் சொல்லி அது குறிக்கிறது. அவர்களுடைய நிலம் மட்டுமின்றி அவர்களின் உறவினர் நிலமும் கைப்பற்றப்பட்டதை அதிலிருந்து அறிகிறோம். குற்றம் செய்தவரோடு நில்லாமல் சுற்றத்தையும் தொடர்ந்த தண்டனை அது. இக்குறையை நினைவில் வையுங்கள். இது பிற்காலத்தில் மீண்டும் தலை தூக்கியது.

இனி நாம் வாழும் இந்நகருக்கு வருவோம். 1773-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், சனிவார் வாடா அரண்மனையில் இளம் பேஷ்வா நாராயணராவ் கொலையுண்டார். பிடிக்க வேண்டும் என்று எழுதப்பட்ட ஆணையில் ஓர் எழுத்தை மாற்றிக் கொல்ல வேண்டும் என்று ஆக்கி விட்டனர் என்பது மராத்திய நாட்டில் வழங்கி வரும் செய்தி. செவிவழிக் கதையே ஆயினும், ஏட்டில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஓர் உயிர் போகும் என்ற பாடத்தை அது தாங்கி நிற்கிறது. கொலைக்குப் பின் ஆட்சியைப் பிடித்த இரகுநாதராவை நோக்கி, “குற்றவாளி நீரே” என்று தீர்ப்புக் கூறியவர் நீதிபதி இராமசாஸ்திரி பிரபுணே. பேஷ்வாக்களின் ஆவணங்கள் மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றைப் புணே ஆவணக் காப்பகம் பாதுகாத்து வருகிறது. அறிஞர் சர்தேசாய் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1930 முதல் 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் குற்றப் பதிவு ஒரு தனிக் கலையாயிற்று. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் கையொப்பத்தோடு கைச்சுவட்டையும் பதியச் செய்தார். பின்னர் கல்கத்தாவில் எட்வர்டு ஹென்றியின் தலைமையில், அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர் விரல் ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறையை வகுத்தனர். 1897-இல் உலகின் முதல் விரல் ரேகைக் காரியாலயம் கல்கத்தாவில் தோன்றியது. 1901-இல் இலண்டன் போலீஸாரும் அம்முறையை மேற்கொண்டனர். முறைக்கு ஹென்றியின் பெயர் நிலைத்தது. உழைத்த இந்தியரின் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

பெயர் பொய்க்கும், முகம் மாறும், ரேகை மாறாது. ஆதலால் நிரபராதியைக் காக்கவும் அது வல்லது. ஆனால் அதே ரேகை ஓர் இழிந்த சட்டத்துக்கும் கருவியாயிற்று. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகத்தாரைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என முத்திரையிட்டது. 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு திருட்டும் செய்யாத உழவனும் தன் பெயரையும் விரல் ரேகையையும் பதிந்து கொடுக்க வேண்டும். மதுரைச் சீமையில் மக்கள் அதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ரேகை பதிய மறுத்து எதிர்த்து நின்ற மக்கள் மீது போலீஸார் சுட்டனர். பெண் ஒருவர் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கும் அச்சட்டம் ஒழிந்தது. உடையார்குடியில் சுற்றத்தைத் தொடர்ந்த தண்டனை, இங்கே ஒரு குலத்தையே தொடர்ந்தது. செய்த குற்றத்தை எழுதுவதே ஏட்டின் கடமை. பிறப்பை எழுதத் தொடங்கும் ஏடு தானே குற்றம் செய்கிறது.

ஏட்டின் மொழி பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1908 ஜூலை 7-ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரு குற்றங்களுக்கும் சேர்த்து நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். பின்னர் உயர் நீதிமன்றம் அதனைக் குறைத்தது. அதே மாதம் 22-ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது. திலகர் கேசரியில் எழுதியது மராத்தியில். தீர்ப்புச் சொல்ல அமர்ந்த ஒன்பது ஜூரர்களில் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சியர். அவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பையே நம்ப வேண்டியிருந்தது. சர்க்கார் மொழிபெயர்ப்பாளரைத் திலகரே குறுக்கு விசாரணை செய்து, மென்மையான சொற்கள் கடுமையாக மாறியுள்ளன என்று காட்ட முயன்றார். எழுவர் குற்றவாளி என்றனர். இருவர் இல்லை என்றனர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு அவ்வழக்கை எண்ணும்போதெல்லாம் பேனா சற்றுக் கனக்கிறது.

இனி, இன்று ஒருவர் இத்தகைய ஏடுகளைப் பார்க்க வேண்டுமாயின் என்ன வழி? முதலில் இரண்டு ஏடுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று போலீஸ் ஏடு. மற்றொன்று நீதிமன்ற ஏடு.

போலீஸ் ஏடு பொதுமக்கள் விரும்பியபடி புரட்டுவதற்குரியதன்று. தேசியக் குற்றப் பதிவேட்டு நிலையம் 1986-இல் நிறுவப்பட்டது. போலீஸ் நிலையங்களைக் கணினி வழி இணைக்கும் திட்டம் 2009-இல் தொடங்கியது. எனினும் அதில் உள்ளது அதிகாரிகளின் பயனுக்கே. ஒருவர் தம்மைப் பற்றிய நன்னடத்தைச் சான்றிதழைத் தாமே விண்ணப்பித்துப் பெறலாம். அயல் நாடு செல்வோர் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வாயிலாகவும் பெறலாம். அயலாருடைய சரித்திரத்தை அவ்வாறு கேட்டு வாங்க இயலாது, இது நியாயமே. ஆனால் முதல் தகவல் அறிக்கைகளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாலியற் குற்றம் போன்ற மறைவு காக்க வேண்டிய வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நீதிமன்ற ஏடோ பொதுவுடைமை. நாட்டின் ஜில்லா நீதிமன்ற வழக்குகளை இ-கோர்ட்ஸ் என்னும் சர்க்கார் இணையத் தளத்தில் காணலாம். மாநிலம், ஜில்லா, நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து, கட்சிக்காரர் பெயராலோ, வழக்கு எண்ணாலோ, முதல் தகவல் அறிக்கையின் எண்ணாலோ தேட வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் உண்டு. அது தெரிந்தால் தேடல் எளிது. புணே வழக்குகளைச் சிவாஜிநகர் நீதிமன்றத்தின் கீழும், திருநெல்வேலி வழக்குகளைத் தமிழ்நாட்டுப் பட்டியலின் கீழும் தேட வேண்டும். ஓரிடத்தில் இல்லையென்றால் எங்கும் இல்லை என்று முடிவு கட்டலாகாது.

இணையத்தில் கிடைப்பது அறிமுகமே அன்றி ஆதாரமன்று. ஆதாரம் வேண்டுவோர் நீதிமன்ற நகல் பிரிவில் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் பெற வேண்டும். வழக்கில் சேராதவர் பொதுவாகக் காரணம் கூறி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறுதல் முறை. பழைய வழக்காயின் பதிவறையில் தேட வேண்டும். அங்கும் எல்லாம் என்றும் இருப்பதில்லை. காலம் கடந்த ஏடுகளை ஒழிப்பதற்கென்றே 1917-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. ஆதலின் தம் வழக்கில் விடுதலை பெற்றவர் தீர்ப்பின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அறிவுடைமை. மகாராஷ்டிரத்துக் கீழ் நீதிமன்றங்களில் ஏடு பெரும்பாலும் மராத்தியில் இருக்கும். பொருள் விளங்காமல் ஊகம் செய்வதைக் காட்டிலும் மொழி அறிந்தவரை அணுகுவது நலம்.

ஏட்டை வாசிக்கும்போது மறக்கக் கூடாதவை மூன்று. முதல் தகவல் அறிக்கை என்பது புகார்; தீர்ப்பன்று. வழக்கு நிலுவையில் உள்ளது என்பதும் குற்றம் மெய்ப்பட்டது என்பதாகாது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவர் ஆகி விடார்.

இம்மூன்றாவது விஷயத்தில்தான் அயல் மாநிலத் தமிழர் பெரிதும் இடர்ப்படுகிறோம். இங்குள்ளவர்கள் தம் பெயர், தந்தை பெயர், குடிப்பெயர் என மூன்றையும் எழுதுகின்றனர். நமக்கோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்துமே உண்டு. ஒரு ஜில்லாவில் அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் உடையோர் எத்தனை பேர்! எங்கள் இளைஞருக்கு நேர்ந்ததும் இதுவே. வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊரில் ஒரு வழக்கறிஞர் மூலம் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்றோம். ஒரு மாதம் ஆயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவரின் தந்தை பெயர் வேறு. தலைப்பெழுத்து மட்டுமே ஒன்று. வழக்கு நடந்த ஆண்டில் எங்கள் பிள்ளை நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். இன்னுமொன்று: அந்த வழக்கிலிருந்தவரும் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் விடுதலை பெற்றவரே. யாரோ ஒருவர் கழுவிய களங்கம் வேறொருவர் மீது படிந்திருந்தது.

நகலையும் பள்ளிச் சான்றிதழையும் அனுப்பிய சில நாட்களில் இளைஞர் வேலையில் சேர்ந்தார். அன்று மாலை தாயாருக்கு நெடுநேரம் பேசினார். நடந்ததை அப்போதுதான் சொன்னாராம்.

நேயர்களே, அவரைக் கலங்கச் செய்ததும் ஓர் ஏடுதான். மீட்டதும் ஓர் ஏடுதான். முன்னது மேலோட்டமாகப் பார்க்கப்பட்டது. பின்னது முழுவதும் படிக்கப்பட்டது. ஆகவே விண்ணப்பம் எதிலும் தலைப்பெழுத்தோடு நில்லாமல் தந்தையின் பெயரை முழுமையாக எழுதுங்கள். எல்லாச் சான்றுகளிலும் அது ஒரே வகையில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பிறருடைய பெயரை ஏட்டில் தேட நேர்ந்தால், இறுதிப் பக்கம் வரை படித்த பின்னரே ஒரு சொல் சொல்லுங்கள்.