70 கிலோ, 50 ரூபாய்

பஸ்ஸில் கொடைக்கானல் ஏறும் நமக்கு மலை என்றால் கொண்டை ஊசி வளைவுகளும் கொஞ்சம் தலைசுற்றலும்தான். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டியபோது ரோடே கிடையாது. பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் செங்குத்தான மலைப்பாதை. துரைகள் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். மூட்டைகள் ஆட்களின் தலையிலும் விலங்குகளின் முதுகிலும் ஏறின.

1890-இல் ஆங்கில அரசு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. பொது இடத்தில் விலங்கை அடிப்பதும் அதிக பாரம் ஏற்றுவதும் குற்றம். சரி, எவ்வளவு ஏற்றினால் அதிகம்? அதைச் சட்டம் சொல்லவில்லை.

பதில் வர 75 வருஷம் ஆனது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அந்தச் சட்டம் 1960-இல் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். 1965-இல் வந்த விதிகள்தான் கடைசியில் தராசைக் கையில் எடுத்தன: மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50, கோவேறு கழுதைக்கு 200. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு.

நல்ல விதிகள்தான். ஆனால் சமவெளியில் உட்கார்ந்து எழுதியவை. கொடைக்கானலில் 37 டிகிரி எங்கே வரப்போகிறது? நீண்ட ஏற்றத்தில் வண்டி மாட்டுக்குப் பாரத்தைப் பாதியாக்கிய அதே விதிகள், பொதி சுமக்கும் குதிரைக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. தரையிலும் 70, மலையிலும் 70. அதிக பாரம் ஏற்றும் குற்றத்துக்கு 1960 சட்டத்தில் முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். 1960-இல் அது கொஞ்சம் வலித்திருக்கும். இன்று டீ, வடைக் காசு.

அந்தப் பழைய பாதையின் பாரத்தை இறக்கியது எந்தச் சட்டமும் இல்லை, பிறகு வந்த காட் ரோடுதான். ஆனால் அதே பாதையில் இருக்கும் வெள்ளகவிக்கு அப்போது ரோடு வரவில்லை. அரிசியும் காய்கறியும் அங்கே நெடுங்காலம் குதிரை முதுகில்தான் போய்வந்தன. குதிரைக்காரரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஏற்றத்துக்காகக் குதிரையிலிருந்து 35 கிலோவை இறக்கினால் அது யார் தலைக்குப் போகும்? பெரும்பாலும் அவர் தலைக்கோ, அவர் வீட்டுப் பெண்களின் தலைக்கோதான்.

மலை ஊருக்கு ஒரு நல்ல ரோடு போடுவதும் விலங்கு நலத் திட்டம்தான்.